கில்லிமீன் குஞ்சுகளின் வளர்ச்சி வேகம்: காரணம் தேடிய எழுபது ஆண்டுகள்

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் மழைக்குத் தேங்கும் குட்டைகளில் வாழ்பவை நோத்தோபிராங்கியஸ் பேரினத்துக் கில்லிமீன்கள். முட்டையை விட்டு வெளிவரும் குஞ்சு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். மூன்று வாரம் முடிவதற்குள் சில இனங்களில் அது 3 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஆணுக்கு நிறம் ஏறிவிடும். பெண் முட்டையிடத் தொடங்கிவிடும். முதுகெலும்புள்ள உயிர்களில் இதைவிட விரைவாகப் பருவமடைவது வேறெதிலும் பதிவாகவில்லை. இந்த வேகம் எங்கிருந்து வருகிறது, வளர்ப்பவர் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியுமா, கூட்டினால் மீனின் ஆயுள் குறையுமா என்ற கேள்விகளை மீன் வளர்ப்பவர்களும் உயிரியலாளர்களும் முதுமையை ஆராய்பவர்களும் தனித்தனிப் பாதைகளில் தொட்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் கண்ட விடை மற்றவருக்கு எட்டாமலே போனதும் உண்டு. அந்த விடைகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

### அளந்தவர்கள் கண்டது

வளர்ப்பவர்களின் வாய்மொழியாக இருந்த வேகத்தைச் செக் நாட்டின் பிளாசெக், போலாச்சிக், ரைகார்ட் ஆகியோர் 2013இல் எண்களில் பதிவு செய்தனர். நோத்தோபிராங்கியஸ் கட்லெசி 17ஆம் நாளில் 31 மில்லிமீட்டர் நீளத்தில் முட்டையிட்டது. நோத்தோபிராங்கியஸ் ஃபுர்சேரி 18ஆம் நாளில் 32 மில்லிமீட்டரில். வளர்ச்சி உச்சத்தில் ஒரு நாளைக்கு 2.72 மில்லிமீட்டர் வரை நீண்டது. அதாவது ஒரே நாளில் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியது. கரு வளர்ச்சியை இடையில் நிறுத்தி உறங்காத முட்டைகள் 15 நாளிலேயே பொரிக்கவும் கூடும் என்பதால், ஒரு தலைமுறை ஒரே மாதத்தில் முடிந்துவிடலாம்.

ஆய்வகத்தில் தாராளமாகத் தீனி கிடைத்ததால் வந்த வேகமாக இருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. 2018இல் அதே குழு அந்த ஐயத்தைப் பெருமளவு தீர்த்தது. தெற்கு மொசாம்பிக்கின் இயற்கைக் குட்டைகளில் பிடித்த ஃபுர்சேரி மீன்கள் பொரித்து இரண்டு வாரத்திலேயே பருவமடைந்திருந்தன. வெயிலிலும் சேற்றிலும் இரையைத் தேடித் தின்ற மீன் தொட்டி மீனைவிட விரைந்திருந்தது. வளர்ப்பு முறையைப் பற்றிய எந்த விவாதமும் இந்த உண்மையிலிருந்து தொடங்குவதே சரி.

எல்லாக் கில்லிமீனும் இப்படி அல்ல. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வயல் வாய்க்கால்களிலும் குளங்களிலும் நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும் ஆப்லோகைலஸ் மீன்களும் கில்லிமீன்களே. தலையில் ஒளிரும் வெள்ளிப் புள்ளியை வைத்து எவரும் அவற்றை அடையாளம் காணலாம். அவற்றின் முட்டை வறட்சிக்காகக் காத்துக் கிடப்பதில்லை. சுமார் இரண்டு வாரத்தில் பொரிக்கும். குஞ்சு பருவமடைய மாதங்கள் ஆகும். உறவினங்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருப்பதால்தான் வேகத்துக்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

### வற்றும் குட்டை

முதல் விடையும் இன்றுவரை பரவலாக ஏற்கப்படும் விடையும் சூழலைச் சுட்டுவது. அமெரிக்க மீனியலாளர் ஜார்ஜ் மையர்ஸ் 1952இல் இத்தகைய மீன்களை ‘ஓராண்டு மீன்கள்’ என்று வகைப்படுத்தி எழுதினார். குட்டை வற்றும்போது பெரிய மீன்கள் எல்லாம் மடிகின்றன. சேற்றில் புதைந்த முட்டை மட்டும் அடுத்த மழைவரை தாங்குகிறது. வற்றுவதற்குள் முட்டையிடாத மீனுக்குச் சந்ததி கிடையாது. ஆகவே விரைந்து வளர்ந்தவையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது இந்த வாதம்.

எளிமையும் வலிமையும் உள்ள வாதம்தான். ஆனால் அது தனியாக நிற்கப் போதாது. பல குட்டைகளில் மாதக்கணக்கில் நீர் நிற்கிறது. அங்கெல்லாம் இரண்டு வாரத்தில் பருவமடைய வேண்டிய கட்டாயம் இல்லை. வறட்சிதான் வேகத்தை நிர்ணயிக்கிறது என்றால், வறண்ட பகுதி மீன்கள் ஈரப் பகுதி மீன்களைவிட விரைந்து வளர வேண்டும். பிளாசெக் குழு நான்கு இனங்களைச் சேர்ந்த எட்டு இயற்கைக் கூட்டங்களை ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவில் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஆயுளில் வேறுபாடு இருந்தது. இளமை வளர்ச்சியில் அதற்கு இணையான வேறுபாடு இல்லை. வற்றும் குட்டை இந்தப் பேரினம் முழுவதற்கும் வேகத்தைக் கொடுத்திருக்கலாம். ஒரு குட்டை மீனுக்கும் மறு குட்டை மீனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அது உதவவில்லை.

### முட்டைக்குள் கழிந்த காலம்

வளர்ப்பவர்கள் வேறொரு பக்கமிருந்து வந்தார்கள். ஈரமான பீட் எனும் மட்கிய பாசியிலோ தேங்காய் நார்த்தூளிலோ முட்டையைப் பையில் கட்டி மாதக்கணக்கில் வைப்பது அவர்கள் வழக்கம். நார்த்தூள் இப்போது ஆய்வகங்களிலும் புழங்குகிறது. நெடுநாள் கிடந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சு சோனியாக இருக்கும், வளர்ச்சியில் பின்தங்கும் என்ற நம்பிக்கை அவர்களிடம் உறுதியாக உண்டு.

ஜான் வூர்ம்ஸ் 1972இல் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகே இந்தக் காத்திருப்பின் உள்ளமைப்பு தெளிவானது. கரு மூன்று கட்டங்களில் உறங்கக்கூடும்: செல்கள் சிதறிக் கிடக்கும் தொடக்கக் கட்டம், உறுப்புகள் பாதி உருவான நடுக்கட்டம், பொரிக்கத் தயாரான கடைசிக் கட்டம். ஒரே தாயின் முட்டைகளிலும் சில உறக்கத்தைத் தாண்டி நேரே வளர்ந்துவிடும். ஒரு மழை பொய்த்தாலும் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் அழிந்துபோகாமல் இது காக்கிறது என்றார் வூர்ம்ஸ். அந்த விளக்கம் இன்றும் நிற்கிறது.

உறக்கம் மீனைப் பின்னால் பாதிக்கிறதா? 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று ஃபுர்சேரி முட்டைகளை நெடுங்காலம் உறக்கத்தில் வைத்துப் பொரிக்கவிட்டது. வந்த மீன்களின் வளர்ச்சியிலோ இனப்பெருக்கத்திலோ ஆயுளிலோ இழப்பு தெரியவில்லை. அப்படியானால் வளர்ப்பவர்களின் நம்பிக்கை பொய்யா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லக்கூடாது என்றே தோன்றுகிறது. அந்த ஆய்வு பார்த்தது நடுக்கட்ட உறக்கத்தை. அப்போது கரு மஞ்சள் கருவை மிகக் குறைவாகவே செலவிடுகிறது. வளர்ப்பவர் பையைத் திறக்கும்போது முட்டைக்குள் கண் தெளிவாகத் தெரிந்து, குஞ்சு முழுதாகச் சுருண்டு கிடக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில் காத்திருப்பு நீண்டால் மஞ்சள் கரு கரைந்து, குஞ்சு வெறும் வயிற்றோடு வெளிவரும். இரண்டு கூற்றும் வெவ்வேறு கட்டங்களைப் பற்றியவை என்று எடுத்துக்கொண்டால் முரண்பாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

பொரிக்கும் நேரமும் கவனிக்க வேண்டியது. குளிர்ந்த நீரை ஊற்றிய சில மணி நேரத்தில் குஞ்சுகள் வெளிவரும். நலமான குஞ்சு மேலே சென்று காற்றை விழுங்கி நீச்சல் பையை நிரப்பிக்கொண்டு நீரின் நடுவே மிதந்து நீந்தும். அதைத் தவறவிட்டது அடித்தரையில் வயிறு உரச, தத்தித் தத்தி நகரும். இரையைத் துரத்த முடியாமல் அதன் வளர்ச்சி நின்றுவிடும். நீர் ஆழம், முட்டை முதிர்ச்சி, வெப்பநிலை என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. ஆழம் குறைந்த தட்டில் பொரிக்கவிடுவது இதைக் குறைக்கிறது என்பதில் மட்டும் வளர்ப்பவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

### வெப்பம்: ஒன்றுக்கொன்று எதிரான இரு முடிவுகள்

வளர்ச்சி வேகத்தை ஆய்வாளர்கள் முதலில் கையால் மாற்றிப் பார்த்தது வெப்பநிலையைக் கொண்டுதான். முதுமையை ஆராய்ந்த ராய் வால்ஃபோர்டும் அவருடைய சகா லியூவும் தென்னமெரிக்க ஓராண்டு மீனான சைனோலெபியாஸ் அட்லோஃபியை வைத்து 1965, 1966 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. குளிர்ந்த நீரில் வளர்ந்த மீன்கள் நீண்ட நாள் வாழ்ந்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவை பெரிதாகவும் வளர்ந்தன. வெப்பம் கூடினால் வளர்ச்சி கூடும், ஆயுள் குறையும் என்ற எளிய கணக்கு அங்கேயே உடைந்தது.

நாற்பது ஆண்டு கழித்து 2006இல் வலென்சானோ, செல்லரினோ முதலியோர் ஃபுர்சேரி மீனின் நீரை 25 டிகிரியிலிருந்து 22 டிகிரிக்குக் குறைத்தபோதும் ஆயுள் கூடியது. ஆனால் இம்முறை வளர்ச்சி மந்தப்பட்டது. ஒரே திசையில் செய்த மாற்றம் ஒரு மீனைப் பெரிதாக்கியது, இன்னொன்றைச் சிறிதாக்கியது.

யாரோ ஒருவர் அளந்ததில் பிழை என்று கொள்ளத் தேவையில்லை. அட்லோஃபி தெற்கு பிரேசிலின் மிதவெப்பப் பகுதியைச் சேர்ந்தது. குளிர்மாதங்களில் நீர் நிற்கும் குட்டைகளில் வாழ்வது. ஃபுர்சேரியோ வெப்பப் புல்வெளி மீன். தன் இயல்புக்கு மேற்பட்ட சூட்டில் வைக்கப்பட்ட மீனைக் குளிர்வித்தால் அது நன்றாக வளரும். இயல்பான சூட்டில் இருந்ததைக் குளிர்வித்தால் மந்தமாகும். இந்த விளக்கம் பொருந்துவதாகத் தெரிந்தாலும், இரண்டு இனங்களையும் ஒரே ஆய்வில், ஒரே தீனியோடு, பல வெப்பநிலைகளில் வைத்து ஒப்பிட்டால்தான் உறுதிப்படும்.

இன்னொரு குறை இதைவிட அடிப்படையானது. மேற்கண்ட ஆய்வுகள் நாள் முழுதும் மாறாத வெப்பநிலையில் நடந்தவை. முழங்கால் அளவுகூட நீர் இல்லாத குட்டை பகலில் சுடும், இரவில் குளிரும். ஜாக், ரைகார்ட் இருவரும் 2020இல் பகலிரவு ஏற்றத்தாழ்வைத் தொட்டியில் உண்டாக்கினர். மீன்களின் சராசரி ஆயுள் கூடியது, இனப்பெருக்கம் மேம்பட்டது, வளர்ச்சி குறைந்தது. ஹீட்டர் வைத்து ஒரே சூட்டில் நிறுத்தும் பழக்கம் குஞ்சைச் சற்றுக் கூடுதலாகவே வளரச் செய்திருக்கலாம் என்று இதிலிருந்து ஊகிக்க இடமுண்டு. ஆனால் காட்டு மீன் அதே ஏற்றத்தாழ்வுக்கு நடுவே இரண்டே வாரத்தில் பருவமடைகிறது. இதை எப்படிப் பொருத்துவது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

### தீனியும் நெரிசலும்

தீனி விஷயத்தில் வளர்ப்பவர்களின் அறிவு ஆய்வகங்களுக்கு முன்னோடி. நோத்தோபிராங்கியஸ் குஞ்சு முதல் நாளே புதிதாகப் பொரித்த ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலைத் தின்னும். வாய் சிறிய இனங்களுக்குச் சில நாள் நுண்ணுயிர் நீர் தேவைப்படும். சரியாகத் தின்றதா என்று பார்க்க வேறு கருவி வேண்டாம்: கண்ணாடி போன்ற உடலுக்குள் வயிறு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் புடைத்திருக்கும். சில மணி நேரத்தில் அந்த நிறம் வடிந்துவிடும், அப்போது மறுபடி தீனி. நன்னீரில் ஆர்டீமியா நெடுநேரம் பிழைக்காது. செத்தது அழுகி அம்மோனியாவாகும். அதனால் கூடுதல் தீனி என்றால் கூடுதல் நீர் மாற்றமும் சேர்ந்தே வரும். தீனி கூடியதால் வளர்ந்ததா, நீர் புதிதானதால் வளர்ந்ததா என்று பிரித்துச் சொல்வது அதனால்தான் எளிதல்ல.

நெரிசலிலும் இதே சிக்கல். குஞ்சுகள் நெருங்கிய தொட்டியில் வளர்ச்சி குன்றும் என்பது மறுக்கப்படாத அனுபவம். மீன்கள் நீரில் விடும் ஏதோ ஒரு பொருள் மற்றவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கழிவு, இரைப் போட்டி, பெரியவை சிறியவற்றை விரட்டுவது ஆகியவையே போதும் என்பது மற்றொரு சாரார் வாதம். தடுப்புப் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டாதவரை இரண்டாவது விளக்கமே சிக்கனமானது. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளுக்குள் ஒரு வாரத்திலேயே அளவு வேறுபாடு தெரியத் தொடங்கும். பெரியவற்றைப் பிரித்தபின் சிறியவை விரைந்து தேறுவதை வளர்ப்பவர்கள் பலர் சொல்வதும் இரைப் போட்டி வாதத்துக்கு வலு சேர்க்கிறது.

குறைத்துத் தின்னக் கொடுத்தால் ஆயுள் கூடுமா என்பதை 2009இல் டெர்சிபாசி குழு சோதித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி பெற்ற குறுவாழ்வு ஃபுர்சேரி கால்வழி கூடுதல் நாள் வாழ்ந்தது. நீண்டகாலம் வாழும் மொசாம்பிக் கால்வழியில் அதே பலன் கிடைக்கவில்லை. ஒரே இனத்தின் இரு கால்வழிகளே ஒத்துப்போகாதபோது, எல்லாக் கில்லிமீனுக்கும் பொதுவான தீனி விதி எழுதுவது ஆதாரத்தை மீறியது.

### வேகத்துக்கு ஆயுள்தான் ஈடா?

இந்த விவாதத்தின் கனமான பகுதி இதுதான். ரேமண்ட் பேர்ல் 1928இல் வாழ்வின் வேகம் ஆயுளை நிர்ணயிக்கிறது என்ற கருத்தை நூலாக்கினார். பீட்டர் மெடாவர் 1952இலும் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957இலும் அதைப் பரிணாம மொழியில் வேறுவிதமாக அமைத்தனர். முதுமையில் மட்டும் தீங்கு செய்யும் மரபுக்கூறுகளை இயற்கைத் தேர்வு களைவதில்லை என்றார் மெடாவர். இளமையில் நன்மை செய்வதையே முதுமையில் தீங்கு செய்தாலும் அது ஆதரிக்கும் என்றார் வில்லியம்ஸ். மெட்காஃப், மோனகன் இருவரும் 2001இல், இளமையில் பின்தங்கிய உயிர் பிறகு அவசரமாக ஈடுகட்டினால் அதற்கான கடனைப் பின்னாளில் தீர்க்க வேண்டியிருக்கும் என்ற வாதத்தைத் தொகுத்தனர்.

கில்லிமீன் இந்தக் கருத்துகளுக்கெல்லாம் வாய்ப்பான சான்றாகத் தோன்றியது. ஜிம்பாப்வேயின் கொனரேஜூ காப்பகத்தில் பிடிக்கப்பட்ட மீன்களிலிருந்து வந்த ஃபுர்சேரி கால்வழி 12 வாரத்துக்குள் மடிந்துவிடுகிறது என்று வால்தெசாலிச்சி, செல்லரினோ இருவரும் 2003இல் அறிவித்தபோது, விரைந்து வளர்வது விரைந்து சாகும் என்பது ஏறக்குறைய நிறுவப்பட்டதாகவே பலர் கருதினர். ஆனால் பின்னர் வேறு ஆய்வகங்களில் அதே கால்வழி நான்கு முதல் ஆறு மாதம் வரை வாழ்ந்தது. வளர்ப்பு முறை மட்டுமே ஆயுளை இந்த அளவு மாற்றும் என்றால், பழைய எண்ணை மீனின் இயல்பாகக் கொள்வது கடினம்.

அதன்பின் வந்த சான்றுகள் இந்தப் பிணைப்பை ஒவ்வொரு பக்கத்திலும் தளர்த்தியிருக்கின்றன. முன்னர் சொன்ன 2017 ஆய்வில் வறண்ட பகுதிக் கூட்டங்கள் சீக்கிரம் மூப்படைந்தன. ஆனால் அவை விரைந்து வளர்ந்தவையோ வளர்சிதை மாற்ற வேகம் கூடியவையோ அல்ல. கிராஃப், செல்லரினோ, எங்லெர்ட் ஆகியோர் 2010இல் பெண்களை ஆண்களிடமிருந்து பிரித்து வளர்த்தபோது பெண்கள் பெரிதாயின, ஆயுள் மாறவில்லை. 21 கில்லிமீன் இனங்களை ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வு விரைவு வாழ்க்கை இனங்களின் மூளை சிறிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தது. வளர்ந்த மீன்களில் அதற்கு நேர்மாறாகவே கண்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2024இல் ஃபுர்சேரியின் இனச்செல்களை நீக்கிப் பார்த்தனர். ஆண், பெண் இரண்டுமே பெரிதாக வளர்ந்தன. பெண்ணின் ஆயுள் குறைந்தது. ஆணின் உடல்நலமோ மேம்பட்டது. உடல் பெரிதாவது ஒன்றே இரு பாலிலும் எதிரெதிர் விளைவோடு சேர்ந்து வருகிறது என்றால், அதையே ஆயுளைக் குறைக்கும் காரணம் என்பது எப்படிப் பொருந்தும்?

அப்படியானால் குறுவாழ்வு எங்கிருந்து வந்தது? வலென்சானோ குழுவின் 2019 ஆய்வு, ஓராண்டு மீன்களின் மரபணுத் தொகுதியில் இயற்கைத் தேர்வின் பிடி தளர்ந்து, தீங்கான பிறழ்வுகள் குவிந்திருப்பதாகக் காட்டியது. சிறிய, துண்டுபட்ட கூட்டங்களில் வாழ்ந்து, எப்படியும் குட்டையோடு மடியப்போகும் மீனுக்கு முதுமைப் பிழைகளைக் களைய வாய்ப்பே இல்லை. இது வில்லியம்ஸைவிட மெடாவருக்கு நெருக்கமான விடை. இந்தச் சான்றுகளை எடைபோட்டால், வேகமும் குறுவாழ்வும் வற்றும் குட்டை என்ற ஒரே சூழலில் தோன்றியவை, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் அல்ல என்ற நிலைப்பாடே இப்போதைக்கு வலுவாக இருக்கிறது. இருந்தாலும் வெப்பமும் தீனியும் குறைந்தபோது ஆயுள் கூடிய சோதனைகளை அது முழுதாக விளக்கவில்லை. பிணைப்பு தளர்ந்திருக்கிறது, அறுந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

### தீராதவை

ஆய்வகச் சான்றுகளில் பெரும்பகுதி ஃபுர்சேரி என்ற ஒரே இனத்தையும், அதிலும் பல தலைமுறை உட்கலப்பில் வந்த கொனரேஜூ கால்வழியையும் சார்ந்தது. அங்கே கண்டதைத் தென்னமெரிக்க ஓராண்டு மீன்களுக்கோ, வற்றாத ஓடைகளில் வாழும் மேற்காப்பிரிக்கக் கில்லிமீன்களுக்கோ அப்படியே நீட்டிக்க முடியாது. அட்லோஃபி தந்த எதிர்முடிவே அதற்குப் போதிய எச்சரிக்கை.

வெப்பத்தையோ தீனியையோ வாழ்நாள் முழுதும் மாற்றியதன் விளைவும், முதல் மூன்று வாரம் மட்டும் மாற்றியதன் விளைவும் ஒன்றல்ல. குஞ்சு வளர்ப்பவருக்கு வேண்டியது இரண்டாவதன் விடை. இங்கே பார்த்த ஆயுள் சோதனைகள் பெரும்பாலும் முதலாவதைத்தான் தருகின்றன. நேரான சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை: ஒரே தாய்தந்தையின் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், ஒரு பாதிக்கு நிறைய தீனி, மறுபாதிக்கு அளவான தீனி, பருவமடைந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே நீர், ஒரே வெப்பம், ஒரே தீனி, வறண்ட பகுதிக் கால்வழி ஒன்று, ஈரப் பகுதிக் கால்வழி ஒன்று, ஆணும் பெண்ணும் தனித்தனியாகக் கணக்கில். அதில் மெதுவாக வளர்ந்த பாதி நெடுநாள் வாழ்ந்தால் பழைய பிணைப்புக்கு உயிர் வரும். வாழாவிட்டால், குஞ்சின் ஆயுளை நீட்டிக்க அதன் தீனியில் கைவைக்கும் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லாமல் போகும்.